வளவுக்கு வரும் எலியும் அதன் பின்னே வருவனவும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் கமக்காரருக்கு மாசி, பங்குனி மாதங்கள் மனம் நிறையும் காலமாகும். பெரும்போக வெட்டு முடிந்து, ஒரு போகத்து உழைப்பின் பலன் மூடை மூடையாக வீடு வந்து சேர்கின்றது. ஆனால் அந்நெல்லின் மணத்தை அறிந்தோர் நாம் மட்டுமல்லர். வயலிற் கதிர் நின்ற காலத்தில் வரம்பிற் குடியிருந்த எலி, வயல் வெறுமையானதும் உணவைத் தேடி வளவுக்குள் நுழைகின்றது. எலியைத் தேடிப் பாம்பு வருகின்றது. படுவான்கரையின் காட்டோரக் கிராமங்களிலோ, நெல்லைத் தேடி யானையே வந்து வீட்டுச் சுவரைச் சாய்க்கின்றது.

இவை வந்தபின் நஞ்சையும் தடியையும் தேடுவது நம்மவர் வழக்கம். அதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. எந்த விலங்கும் நம்மீது பகைகொண்டு வருவதில்லை. உணவு, ஒளிப்பிடம், வந்து போகும் வழி என்னும் மூன்றையும் நாம் கொடுப்பதனாலேயே அது வருகின்றது. இம்மூன்றையும் எவ்வாறு அகற்றுவது என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. இவற்றுள் முதன்மையான விதி ஒன்றை இப்பொழுதே கூறிவிடுகின்றோம்: நெல் இருக்கும் அறையில் எவரும் உறங்கலாகாது.

1. ஒரு வீட்டிற் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கமக்காரர் என்னிடம் வந்து, எலி மிகுந்துவிட்டது, நல்ல நஞ்சாகத் தரவேண்டும் என்று கேட்டார். நஞ்சைப் பற்றிப் பேசுமுன் வீட்டைப் பார்ப்போம் என்று அவருடன் சென்றேன். அவரது வீட்டில் அறை ஒன்றே இருந்தது. அதன் ஒரு புறத்திற் சுவரோடு ஒட்டி நாற்பது மூடை நெல் அடுக்கப்பட்டிருந்தது. மறுபுறத்திற் பிள்ளைகளின் பாய் விரிக்கப்பட்டிருந்தது. இடையிலிருந்த வெளி இரண்டடியும் இராது.

கீழ் மூடையைச் சற்று அகற்றியபோது நிலத்தில் எலிவளை தெரிந்தது. வளையின் வாயிற் பாம்பு கழற்றிய சட்டை கிடந்தது. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "ஐயா, அறை ஒன்றுதானே இருக்கிறது, நெல்லை வெளியில் வைத்தால் களவு போகுமே" என்றார்.

அவர் கூறியதில் நியாயம் உண்டு. நெல்லை வீட்டினுள் வைப்பது அறியாமையினால் அன்று. இடமின்மையாலும் களவுப் பயத்தாலுமே. ஆயினும் அன்றே அயலவர் இருவரை அழைத்து, வீட்டின் பக்கச் சுவரோடு சேர்த்துப் பத்தி ஒன்று இறக்கி, அதனுள் மரத்தட்டு அமைத்து, கதவும் பூட்டும் இட்டோம். தட்டு சுவரைத் தொடாதவாறு உள்ளே தள்ளியே நின்றது. பொழுதுபடுமுன் மூடைகள் அங்கு சென்றன. வளை தோண்டி அடைக்கப்பட்டது. ஒரு நாள் வேலையும் சில தடிகளும் தகரங்களுமே செலவு. அந்த வீட்டுக்கு நஞ்சு தேவைப்படவில்லை.

2. எலியை அறிந்துகொள்வோம்

நமது பகுதியில் இருவகை எலிகள் பெருநட்டம் விளைக்கின்றன. ஒன்று அகழான். இது உடல் பருத்து, முகம் குறுகி, வரம்பிலும் வளவிலும் ஆழமாக வளை தோண்டும். வளைவாயில் மண் குவிந்து கிடப்பதைக் கொண்டு இதனை அறியலாம். கதிர்களை அறுத்து வளைக்குள் சேமித்து வைப்பதும் இதன் இயல்பு. மற்றையது வீட்டெலி. இது மெலிந்த உடலும் உடலினும் நீண்ட வாலும் உடையது. கூரை, தென்னை, பரண் ஆகியவற்றில் ஏறி வாழும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பன. அவற்றைத் தேய்ப்பதற்காக அது எதையேனும் கொறித்த வண்ணம் இருக்கும். சாக்கு, பலகை, மின்கம்பியின் உறை ஆகிய யாவும் அழிவது இதனாலேயே. எலி தின்பதைக் காட்டிலும் வெட்டிச் சிந்துவதும் அழுக்குப்படுத்துவதும் மிகுதி.

தின்னும் அளவை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த எலியொன்று நாளொன்றுக்குத் தன் உடல் நிறையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு தானியம் உண்ணும். 200 கிராம் நிறையுள்ள எலி 20 கிராம் நெல்லைத் தின்னும் எனக் கொள்வோம். வளவில் இருபது எலிகள் இருப்பின் நாளொன்றுக்கு 400 கிராம். ஆறு மாதத்தில் 72 கிலோகிராம். அஃதாவது, ஏறக்குறைய மூன்றரைப் புசல் நெல்லை நாம் விதைத்து, நீர் கட்டி, வெட்டி, சுமந்து வந்து எலிக்கு இடுகின்றோம்.

எலி சினைப்பட்டு மூன்று வாரத்திற் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை பிறக்கும். அவை ஏறக்குறைய மூன்று மாதத்தில் தாமும் இனம்பெருக்கத் தொடங்கும். நெற்பயிர் குடலைப் பருவத்தை அடைந்து கதிர் தள்ளும்பொழுதே வயலெலிகள் மிகுதியாக இனம்பெருக்குகின்றன. ஆகவே விதைப்புக் காலத்திற் கொல்லப்படும் ஒரு பெண்ணெலி, அறுவடைக் காலத்திற் கொல்லப்படும் பல எலிகளுக்குச் சமமாகும். கதிர் வெட்டுப்பட்ட பின் ஓடித் திரிவதிற் பயன் குறைவு.

3. எலியின் பின் வரும் பாம்பு

எல்லாப் பாம்புகளும் நமக்குப் பகையல்ல. சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலிகளை விழுங்கி நமக்கு உதவுவது. அதனை அடித்துக் கொல்பவர் தமது வயலின் காவற்காரனைக் கொல்பவராவர். ஆந்தையும் கீரியும் அவ்வாறே உதவுவன.

நஞ்சுள்ளவற்றுள் மூன்றினைக் குறிப்பாக அறிந்திருத்தல் வேண்டும். நல்லபாம்பும், புடையன் எனப்படும் கண்ணாடி விரியனும் எலியை விரும்பி உண்பன. வயலில் வேலை செய்வோரைப் பெரும்பாலும் கடிப்பது கண்ணாடி விரியனே. மூன்றாவது, எண்ணெய் விரியன் எனவும் கட்டு விரியன் எனவும் அழைக்கப்படும் கருநிறப் பாம்பு. உடலிற் குறுக்கே மெல்லிய வெண்ணிறக் கோடுகள் உடையது. பகலில் எலிவளையிலும் சுவர் வெடிப்பிலும் செங்கற் குவியலிலும் சுருண்டு கிடந்து, இரவில் வெளிப்பட்டுப் பிற பாம்புகளையும் பல்லி, அரணை, எலி ஆகியவற்றையும் உண்ணும். நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரையே இது பெரிதும் கடிக்கின்றது. கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடிபட்டவர் எறும்பு கடித்ததென்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுவதும் உண்டு. ஆதலால் இதன் கடி மிகக் கொடியது.

கட்டிலில் உறங்குங்கள். கட்டில் இல்லாவிடில் தடியாலேனும் உயர்ந்த படுக்கை ஒன்று அமையுங்கள். நுளம்பு வலையைத் தொங்கவிட்டு அதன் விளிம்பைப் பாயின்கீழ் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். அவ்வலை நுளம்பை மட்டுமன்றிப் பாம்பையும் தடுக்கும். இரவில் வெளியே செல்லும்போது மின்சூள் இன்றிக் கால் வைக்காதீர்கள்.

4. நெல்லை வைக்கும் முறை

முதலாவது, நெல்லை நன்றாகக் காயவைத்து ஈரப்பதனை 13 வீதமளவுக்குக் குறைத்த பின்னரே மூடையிற் கட்டுதல் வேண்டும். ஈர நெல் பூஞ்சணம் பிடிப்பதோடு அதன் மணமும் மிகும்.

இரண்டாவது, நெல்லுக்கெனத் தனி அறையோ பத்தியோ தட்டோ அமைத்தல் வேண்டும். காட்டோரக் கிராமத்தவர் இதில் இரு மடங்கு கருத்துச் செலுத்தல் வேண்டும். யானை நெல்லின் மணத்தை நெடுந்தொலைவிலிருந்தே அறியும். அது சாய்க்கும் சுவருக்கு அப்பால் உங்கள் பிள்ளை உறங்கலாகாது.

மூன்றாவது, தட்டு நிலத்திலிருந்து மூன்று அடிக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் நன்று. ஒவ்வொரு காலிலும், தட்டுக்குச் சற்றுக் கீழே, கவிழ்த்த புனல் வடிவில் தகரம் பொருத்துங்கள். தகரத்தின் விளிம்பு காலிலிருந்து ஓரடியளவு வெளியே நீண்டிருப்பின் எலி அதனைக் கடந்து ஏறமாட்டாது. தட்டுக்கு நான்கடித் தொலைவுக்குள் மரக்கிளை, வேலி, சாய்த்து வைத்த ஏணி, ஏர்த்தடி எதுவும் இருத்தலாகாது. இருப்பின் எலி அதிலிருந்து பாய்ந்துவிடும்.

நான்காவது, மூடைகளை அறையினுள்ளேயே அடுக்க வேண்டியிருப்பின், மரச்சட்டங்களின் மேல் நிலத்திலிருந்து அரையடி உயர்த்தி, சுவரிலிருந்து ஒன்றரை அடி விலக்கி அடுக்குங்கள். நான்கு புறமும் ஒருவர் நடந்து பார்க்க இயலும் அடுக்கில் எலி கூடுகட்ட அஞ்சும். அரை அங்குலத் துவாரம் வழியாக எலிக்குஞ்சும், கால் அங்குலத் துவாரம் வழியாகச் சுண்டெலியும் நுழையும். ஆகவே யன்னலுக்கும் கூரையோர இடைவெளிக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தல் வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் தகரப்பட்டி பொருத்துங்கள்.

ஐந்தாவது, விதை நெல்லை மூடையில் வையாதீர்கள். நன்கு காய்ந்த விதை நெல்லை இறுக மூடும் தகரப் பீப்பாவிலோ கனத்த பிளாத்திக்குப் பீப்பாவிலோ இட்டு நிழலில் வையுங்கள். உணவு நெல்லில் எலி தின்றது போனதே. விதை நெல்லில் எலி தின்றால் அடுத்த போகமும் போகும்.

5. வளவைத் துப்புரவு செய்தல்

வளவைச் சுற்றி ஒருமுறை நடந்து, எலியின் கண்கொண்டு பாருங்கள். விறகுக் குவியல், பழைய கிடுகு, தேங்காய் உரிமட்டை, உடைந்த ஓடு, மழைநீர் தேங்கிய சட்டி, கோழிக்கு எறிந்த மிச்ச நெல் ஆகிய யாவும் அதற்கு வீடும் உணவும் நீரும் ஆகும்.

விறகை நிலத்திலிருந்து ஒன்றரையடி உயர்ந்த தட்டில், வீட்டுச் சுவருக்கு அப்பால் அடுக்குங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் புல்லும் பற்றையும் இன்றி வெறுநிலமாக வைத்திருங்கள். வெறுநிலத்தைக் கடக்க எலியும் பாம்பும் தயங்கும். கோழிகளுக்கு அவை தின்று முடிக்கும் அளவே தீன் இட்டு, மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கோழிக்கூட்டின் அடியிற் கம்பிவலை அடியுங்கள். அடுக்களைக் கழிவைக் குழியில் இட்டு மண் மூடுங்கள். மீன், கோழிக் கழிவுகளை வாவிக் கரையில் எறிவோர், வாவியின் முதலைக்குக் கரையேற வழி காட்டுகின்றனர் என்பதையும் மறவாதீர்கள்.

தென்னையில் எலி ஏறிக் குரும்பையைத் துளைப்பதாயின், நிலத்திலிருந்து ஆறடி உயரத்தில் ஓரடிக்கு மேற்பட்ட அகலமுள்ள வழுவழுப்பான தகரத்தை மரத்தைச் சுற்றி அடியுங்கள். பக்கத்து மரத்து ஓலை இந்த மரத்து ஓலையைத் தொடாதிருப்பின் மட்டுமே இதனாற் பயன் உண்டு. தொடுமாயின் ஓலைவழியே எலி நடந்து வரும்.

6. வரம்பும் வளையும்

வயலில் அகலமான, பற்றை வளர்ந்த வரம்பே அகழானின் குடியிருப்பு. வரம்பை ஓரடிக்கு மேல் அகலமின்றி ஒடுக்கமாக அமைத்து, புல்லைச் செதுக்கி வையுங்கள். ஒடுங்கிய வரம்பில் எலி வளை தோண்ட இடம் காணாது.

எலி உள்ள வளையை அறிவதற்கு எளிய முறையொன்றுண்டு. மாலையில் எல்லா வளைவாய்களையும் மண்ணால் அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கின்றதோ அதனுள் எலி உண்டு. அதனைத் தோண்டியோ, நீர் ஊற்றியோ, புகை ஊதியோ எலியை வெளியேற்றிக் கொல்லலாம். தோண்டும்போது வெறுங்கையை வளைக்குள் விடலாகாது. எலி தோண்டிய வளையிற் பாம்பு இருத்தல் பெருவழக்கு.

7. பொறி வைத்தல்

வளவிலும் களஞ்சியத்திலும் பொறியே பாதுகாப்பான கருவி. எலி திறந்த வெளியில் நடவாது, சுவரோரமாகவே செல்லும். ஆகவே பொறியைச் சுவரோடு ஒட்டி, அதன் பாதையில் வையுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு ஆகியன நல்ல இரைகளாம்.

எலி புதுப்பொருளைக் கண்டு ஐயுறும் இயல்புடையது. அதனால் முதல் மூன்று நான்கு நாட்களுக்குப் பொறியைப் பூட்டாது இரையை மட்டும் வையுங்கள். எலி அச்சமின்றித் தின்னப் பழகிய பின், ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் பூட்டுங்கள். ஒரு பொறியைப் பத்து நாள் வைப்பதினும், பத்துப் பொறிகளை ஓர் இரவு வைப்பதே மேல். அயலவரிடம் இரவல் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

இறந்த எலியை வெறுங்கையாற் தொடாதீர்கள். பொலித்தீன் பையைக் கையிலணிந்து எடுத்து, கிணற்றுக்குத் தொலைவில் ஒன்றரையடி ஆழத்திற் புதைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

8. நஞ்சைப் பற்றி எச்சரிக்கை

நஞ்சு கடைசி வழியாகும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட எலிநாசினியை மட்டுமே, அதன் சுட்டியில் உள்ளவாறு பயன்படுத்தல் வேண்டும். பயிர்ப்பூச்சிக்கான மருந்தைச் சோற்றிலோ கருவாட்டிலோ கலந்து வைப்பது பெருந்தவறு. அதனை முதலில் தின்பது உங்கள் நாயும் கோழியும்; சில வேளைகளிற் குழந்தையும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சு மெதுவாக வேலை செய்யும். தவறி உண்டோருக்கு வைத்தியசாலையில் விற்றமின் கே கொடுத்துச் சிகிச்சை செய்ய இயலும். சிங்க் பொஸ்பைட்டு அத்தகையதன்று. அது வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து கொடிய வாயுவை வெளிவிடும்; அதற்கு மாற்று மருந்து இல்லை.

எவ்வகை நஞ்சாயினும், நெல் உள்ள அறையிலும் அடுக்களையிலும் வைக்கலாகாது. மூடிய பெட்டியில் எலி மட்டும் நுழையத்தக்க துவாரமிட்டு அதனுள் வைத்தல் வேண்டும். நாள்தோறும் பார்த்து, செத்த எலிகளைப் புதைத்தல் வேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் மடியும். அவை மடிந்தபின், தப்பிய எலிகள் தடையின்றிப் பெருகும்.

9. பன்றியும் குரங்கும்: மின்கம்பி வேண்டாம்

மரக்கறிச் செய்கையாளரை வருத்துவன காட்டுப்பன்றியும் குரங்கும் ஆகும். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15ஆம் திகதி, பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஒரே ஐந்து நிமிடத்தில் எண்ணும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டதிலிருந்து, இத்தொல்லை எவ்வளவு பரந்ததென்பது விளங்கும்.

பன்றிக்கு விருப்பமான மரவள்ளி, வத்தாளை ஆகியவற்றை வளவின் நடுவிலும் வீட்டுக்கு அண்மையிலும் நடுங்கள். மிளகாயை வெளியோரத்தில் நடுங்கள். வேலியின் கீழ்க் கம்பி நிலத்திலிருந்து அரையடிக்கு மேற்படலாகாது. பன்றி பகலிற் படுத்திருக்கும் பற்றைகளை வெட்டி அகற்றுங்கள். குரங்குக்கு ஒருபோதும் உணவு கொடாதீர்கள். முற்றிய காய்களையும் பழங்களையும் மரத்திற் பழுக்கவிடாது பறித்துவிடுங்கள். விழுந்த பழத்தை அன்றே பொறுக்குங்கள். உணவுப் பானையையும் கழிவு வாளியையும் மூடி வையுங்கள்.

வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் விடுவதை எக்காரணத்தைக் கொண்டும் செய்யாதீர்கள். இது சட்டப்படி குற்றம். அதனினும் மேலாக, இது உயிர்க்கொலை. யானை வேலியிலும் மின்சாரந்தானே ஓடுகின்றது எனச் சிலர் கேட்பர். அவ்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஏறக்குறையச் செக்கனுக்கு ஒருமுறை, கண்ணிமைப்பினும் குறைந்த நேரம் துடித்து நின்றுவிடும். தொட்டவர் அடிபட்டு விலகிக்கொள்ள இடமுண்டு. வீட்டுக் கம்பியின் 230 வோல்ற்று மின்சாரமோ தொடர்ந்து ஓடித் தசையை இறுக்கிப் பிடிக்கும். தொட்டவர் கையை எடுக்க இயலாது. பன்றிக்கு இட்ட கம்பியில், இரவில் நீர் பார்க்கச் சென்ற அயலவரோ, பந்தை எடுக்க ஓடிய பிள்ளையோ மடிந்தால், ஒரு பாத்தி மரவள்ளி அதற்கு ஈடாகுமா?

உணவிற் பொதிந்து வைக்கும் வாய்வெடியும் அவ்வாறே விலக்கத்தக்கது. இந்நாட்டிற் பல யானைகள், குட்டிகள் உட்பட, வாய் சிதைந்து உண்ண இயலாது நாட்கணக்கில் துன்புற்று மடிவது அதனாலேயே. யானை வளவுக்கு வரின் தனியே எதிர்கொள்ளாது, கிராம உத்தியோகத்தருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மைப் பணிமனைக்கும் அறிவியுங்கள்.

10. நோயும் கடியும்

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுகின்றது. 2008ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையிற் பெருமளவிற் பரவிப் பல உயிர்களைக் கொண்டது. கிருமி, வயல்நீரிலும் சேற்றிலும் இருந்து, காலிலுள்ள வெடிப்பு, காயம் ஆகியவற்றின் வழியே உடலினுள் நுழையும். காயமுள்ளோர் வயலில் இறங்குவதைத் தவிர்த்தல் நன்று. இறங்கவேண்டியிருப்பின் காயத்தை நீர் புகாது மூடுங்கள். போகந் தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அவர்கள் ஆலோசனைப்படி டொக்சிசைக்கிளின் தடுப்பு மாத்திரையைப் பெறலாம். காய்ச்சல், கடுந் தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றின் தாமதியாது வைத்தியரிடம் சென்று, வயலில் வேலை செய்ததைத் தவறாது கூறுங்கள்.

பாம்பு கடித்தால், கடிபட்டவரை நடக்கவிடாது படுக்கவைத்து, மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் மட்டை வைத்து அசையாது கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியன செய்யலாகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்சு வண்டி கட்டணமின்றி வரும். விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் உண்டு. பார்வை பார்ப்பதற்கும் மந்திரிப்பதற்கும் சென்று நேரத்தை இழவாதீர்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டியதுமில்லை.

நிலத்தில் உறங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்று நோவுடன் எழுந்து, இமை தொங்கி, விழுங்க இயலாது தடுமாறுவாராயின், கடித்த அடையாளம் தெரியாவிடினும் எண்ணெய் விரியன் கடியென்றே ஐயுற்று உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

11. ஒருவர் செய்தாற் போதாது

எலிக்கு உங்கள் வேலியும் அயலவர் வேலியும் ஒன்றே. ஒருவர் மட்டும் வளையை அடைத்தால், அது பக்கத்து வளவுக்குச் சென்று, சில வாரத்தில் திரும்பி வரும். விதைப்பிலும் இவ்வாறே. ஒரு கண்டத்தார் யாவரும் இரண்டு வாரத்துக்குள் விதைத்து முடிப்பின், கதிர் ஒரே காலத்தில் தள்ளும். எலிக்கு உணவுக் காலமும் இனம்பெருக்கும் காலமும் குறுகும். ஒருவர் பிந்தி விதைப்பின் அப்பகுதி எலியெல்லாம் அவரது வயலிற் கூடும். போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியை முடிவு செய்யும்போது, எலி ஒழிப்புக்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளும்படி வட்டவிதானையாரையும் கமக்காரர் அமைப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைகளைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளலாம்:

ஆவணி, புரட்டாதி: விதைப்புக்கு முன் யாவரும் சேர்ந்து வரம்பு செதுக்குதல், வளை அடைத்தல், எலி பிடித்தல். வளவுத் துப்புரவு.

ஐப்பசி, கார்த்திகை: விதைத்த முதல் இரு வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறை வளை பார்த்தல். கட்டில், வலை ஆகியவற்றைச் சரிசெய்தல்.

மார்கழி, தை: மாரி வெள்ளம் பள்ள நிலத்தை மூடும்பொழுது எலியும் பாம்பும் மேட்டு வளவுகளுக்கு ஏறிவரும். 2011ஆம் ஆண்டு தை மாதத்துப் பெருவெள்ளத்தை நம்முள் எவரும் மறந்திரார். இக்காலத்தில் எவரும் வெறுநிலத்தில் உறங்கலாகாது. வெள்ளம் வடிந்து வீடு திரும்புவோர் பெட்டி, பாய், மூலைகள் ஆகியவற்றைத் தடியால் தட்டிப் பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

மாசி, பங்குனி: நெல்லைக் காயவைத்தல், தட்டைச் சீர்செய்தல், வயல் எலி வளவுக்கு வரும் இக்காலத்திற் பொறி வைத்தல்.

12. முடிவுரை

கமக்காரர்களே! இங்கு கூறியவற்றுட் பெரும்பாலானவை பணச்செலவு வேண்டாதவை. ஒரு நாள் உழைப்பும் அயலவர் ஒற்றுமையும் மட்டுமே வேண்டுபவை. எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய இயலாவிடினும் ஒன்றையேனும் இன்றே செய்யுங்கள். இன்று மாலை உங்கள் பிள்ளைகள் பாய் விரிக்குமுன், அப்பாய்க்கும் நெல் மூடைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டும் ஓரறையில் இருப்பின், மூடையை அப்புறப்படுத்துங்கள். அதற்கு இடமில்லையெனின், உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் வாருங்கள், அல்லது 1920 என்னும் இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தை அழையுங்கள். தட்டு அமைக்கும் முறையை உங்கள் வளவுக்கே வந்து காட்டித்தர நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.

விளைந்த நெல்லைக் காப்பதும் வேளாண்மையின் ஒரு பகுதியே. அந்நெல்லை உண்ண இருக்கும் பிள்ளைகளைக் காப்பது அதனினும் முந்தியது.